தொழுநோயும் வினைப்பயனும்

நாலடியாரில் ‘தீவினையச்சம்’ என்றோர் அதிகாரம் உண்டு. அதில் வரும் செய்யுளொன்று தொழுநோயாளி ஒருவனின் கையை நமக்குக் காட்டுகிறது. உள்ளங்கை மட்டும் எஞ்சி நிற்கிறது, விரல்கள் அழுகிப்போயின. இந்தத் துன்பம் எதனால் வந்தது? முற்பிறப்பில் நண்டின்மேல் ஆசை வைத்து, அதன் கால்களை முறித்துத் தின்றான். அந்தப் பழவினை இப்பிறப்பில் வந்து சேர்ந்தது என்று செய்யுள் விடை கூறுகிறது. நண்டின் கால்களுக்கு மனிதனின் விரல்கள் ஈடாகிவிட்டன.

சமண முனிவர்கள் பாடியவை எனக் கொள்ளப்படும் பாடல்களில் ஒன்று அது. கொல்லாமையை மக்கள் மனத்தில் ஆழப் பதிப்பதே அதன் நோக்கம். வாய்பேசாத சிறு உயிரொன்றின் வலியையும் எண்ணிப் பார்த்த அந்த உள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் ஒரு கேள்வி எழாமல் இல்லை. நண்டுக்கு இரங்கிய உள்ளம், விரலிழந்து நிற்கும் மனிதனுக்கு ஏன் இரங்கவில்லை? அவன் அங்கே மனிதனாக வரவில்லை. அறத்தை விளக்கும் எடுத்துக்காட்டாக வருகிறான். அவனுக்குப் பெயரில்லை, ஊரில்லை, வீடில்லை, வலியுமில்லை. அவனுடைய கையை மட்டும் நமக்குக் காட்டிவிட்டுச் செய்யுள் முடிந்துவிடுகிறது.

தொழுநோயைப் பற்றிய நமது இலக்கியப் பார்வையின் பெரும்பகுதி இந்தச் செய்யுளின் நிழலிலேயே வளர்ந்தது என்பது நமது கருத்து. நோய் ஒரு தண்டனை. நோயாளி தண்டனை பெற்றவன். அவன் உடம்பு மற்றவர்கள் படித்துத் திருந்தவேண்டிய பாடம். இந்தப் பார்வை தமிழுக்கு மட்டும் உரியதுமன்று. கண்ணனின் மகன் சாம்பன் சாபத்தால் இந்நோயுற்றுச் சூரியனை வழிபட்டுத் தேறினான் என்று வடமொழிப் புராணம் பேசும். விவிலியத்தின் லேவியராகமம், நோயாளியைச் சோதிக்கும் பொறுப்பைக் குருவிடம் ஒப்படைத்து, தீட்டுப்பட்டவன் பாளயத்துக்குப் புறம்பே குடியிருக்கவேண்டும் என்று விதிக்கும். அங்கே சொல்லப்படுவது இன்று நாம் தொழுநோய் என்று வழங்கும் நோய்தானா என்பதில் அறிஞரிடையே ஐயம் உண்டு. ஆயினும் அந்தப் பெயரைத் தாங்கிய நோயாளியின் தலையில் அந்தத் தீட்டும் ஏறிவிட்டது. சமயங்கள் வேறு வேறாயினும் தீர்ப்பில் அவை அதிகம் வேறுபடவில்லை.

பழைய நூல்களைப் பழைய காலத்தோடு விட்டுவிடலாமே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நோய்க்குக் காரணம் அறியாத காலத்தில் மனிதன் வினையைக் காரணமாகக் கொண்டதில் வியப்பில்லை. 1873-இல் நார்வே நாட்டின் பேர்கன் நகரில் ஹான்சன் என்னும் மருத்துவர் இந்நோயின் கிருமியைக் கண்டறிந்தார். அதற்கு முன் எழுதிய புலவனை நாம் குற்றவாளிக் கூண்டில் ஏற்றப் போவதில்லை. நமது வழக்கு அதற்குப் பின் எழுதியவர்களோடுதான். அதிலும் வினையை நம்பாதவர்களோடுதான்.

1954-இல் வெளிவந்த ‘இரத்தக் கண்ணீர்’ திரைப்படத்தை அறியாத தமிழர் அரியர். திருவாரூர் கே. தங்கராசு எழுத, எம். ஆர். ராதா மேடைதோறும் நடித்துப் புகழ்பெற்ற நாடகம் அது. கிருஷ்ணன்–பஞ்சு இயக்கத்தில் திரைக்கு வந்தது. வெளிநாடு சென்று திரும்பிய செல்வன் மோகனசுந்தரம், கட்டிய மனைவியைப் புறக்கணித்துக் காந்தா என்னும் தாசியிடம் மயங்கிக் கிடக்கிறான். செல்வம் கரைகிறது; தொழுநோய் பற்றுகிறது; கண் பார்வை போகிறது. காந்தாவின் வீட்டிலிருந்து விரட்டப்பட்டுத் தெருவில் பிச்சைக்காரனாக அலைகிறான். இறுதியில் தன் மனைவியைத் தன் நண்பனுக்கு மணம்முடித்து வைக்கிறான். நோயுற்ற தன் உருவத்தையே சிலையாக வடித்து, பின்வருவோருக்கு எச்சரிக்கையாக நிறுத்துமாறு கேட்டு மறைகிறான்.

இந்தப் படத்தின் சிறப்புகளை மறுக்க நாம் வரவில்லை. வேறெந்தத் தமிழ் நடிகரும் செய்யத் துணியாத அளவுக்கு ராதா தம் முகத்தின் அழகைத் தாமே அழித்துக்கொண்டு நடித்தார். போலிப் பக்தியையும் போலிக் கௌரவத்தையும் அந்தக் கரகரத்த குரல் கிழித்தெறிந்தது. கணவன் உயிரோடிருக்கும்போதே மனைவிக்கு மறுமணம் என்னும் முடிவு, அன்றைய தமிழ்த்திரைக்கு ஒரு புரட்சி. பகுத்தறிவு இயக்கம் கலையுலகுக்கு அளித்த வலிமைமிக்க படைப்புகளில் அது ஒன்று. இன்றும் எங்கள் மலைப்பகுதியில் திருவிழாக் காலத்து மேடைகளில், காந்தாவைக் கூவியழைக்கும் அந்தக் குரலைப் போலி செய்ய ஓர் இளைஞன் கிடைத்துவிடுகிறான், கூட்டமும் கைதட்டுகிறது.

முரண்பாடு அங்கேதான் இருக்கிறது. ஊழையும் முற்பிறப்பையும் எள்ளி நகையாடியவர்கள் ஆக்கிய நாடகம், ஊழின் தண்டனைச் சட்டத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. முற்பிறப்பு போய் இப்பிறப்பு வந்தது; நண்டு போய்த் தாசி வந்தாள்; தண்டனை மாறவில்லை. மனைவியை வதைத்தவனுக்கு நோய் கூலியாகக் கிடைத்தது என்று கண்ட பார்வையாளன், கூலி கொடுப்பவன் கடவுளா கதாசிரியனா என்று ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டான். ‘செய்தான், அனுபவித்தான்’ என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவான். நாலடியாரை ஒரு வரியும் படியாதவன் நாலடியாரின் கருத்தோடு வீடு திரும்புகிறான்.

இதோடு இன்னொரு பிழையும் சேர்ந்தது. தாசி வீட்டில் பெற்றது தொழுநோய் என்று காட்டியதால், அது ஒழுக்கக்கேட்டினால் வரும் நோய் என்ற எண்ணம் உறுதிப்பட்டது. உண்மை வேறு. மருந்து உட்கொள்ளாத நோயாளியின் மூக்கிலும் வாயிலும் இருந்து வெளிப்படும் நுண்துளிகள் வழியாக, நீண்டகால நெருக்கத்தினால் இது பரவுகிறது. பால்வினை நோய்களின் வரிசையில் இதற்கு இடமில்லை. கிருமி உடம்பில் புகுந்தாலும் மிகப் பெரும்பாலான மனிதருக்கு நோய் வருவதில்லை. உடம்பே அதை வென்றுவிடுகிறது. வருவோருக்கும் சராசரியாக ஐந்தாண்டு கழிந்தே அறிகுறி தோன்றும். சிலருக்கு இருபதாண்டுகூடச் செல்லும். ஆகவே ‘யாரிடம் பெற்றான்?’ என்ற கேள்விக்கே பெரும்பாலும் விடையில்லை. விடையில்லாத அந்த இடத்தில்தான் ஊரார் நோயாளியின் நடத்தையை எழுதி நிரப்புகிறார்கள்.

கலை மருத்துவப் பாடநூல் அன்று. அங்கே நோய் ஒரு குறியீடு மட்டுமே என்று கலைவாதிகள் சொல்வார்கள். இடியும் மின்னலும் குறியீடாகலாம். வாடிய மலர் குறியீடாகலாம். அவற்றுக்கு அதனால் இழப்பொன்றும் இல்லை. தொழுநோயாளி உயிரோடிருக்கும் மனிதன். அதே கொட்டகையில் பின்வரிசையில் அவனும் அமர்ந்திருக்கக்கூடும். தன் தொடையில் உள்ள உணர்ச்சியற்ற தேமலை வேட்டியால் மூடிக்கொண்டு அவன் அந்தப் படத்தைப் பார்த்தால், மறுநாள் மருத்துவரிடம் போவானா, அல்லது இன்னும் இறுக மூடிக்கொள்வானா? சமுதாயப் பயனை அளவுகோலாகக் கொண்டு இலக்கியத்தை மதிப்பிடும் நாம் கேட்கவேண்டிய கேள்வி இதுவே.

இனி, அந்த விரல்களைப் பற்றிச் சிறிது பார்ப்போம். நாலடியாரின் புலவன் கண்டது பொய்யன்று. விரலற்ற கையை அவன் கண்டிருக்கவே வேண்டும். ஆனால் அழுகியது எப்படி என்பதை அவன் அறியான். நெடுங்காலம் மருத்துவர்களும் அதைச் சரியாக அறிந்திருக்கவில்லை. 1946-இல் தமிழ்நாட்டுக்கு வந்து வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணிபுரிந்த போல் பிராண்ட் என்னும் அறுவை மருத்துவர் நோயாளிகளின் கைகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். நோய் தானாக விரலைத் தின்றுவிடுவதில்லை என்று அவர் கண்டார். கிருமி தாக்குவது தோலையும் நரம்பையும். நரம்பு செத்தால் வலி செத்துவிடும். வலி செத்த கை அடுப்பின் சூட்டை அறியாது. கத்தியின் வெட்டை அறியாது. இரவில் எலி கடித்தாலும் விழித்துக்கொள்ளாது. காயம் புண்ணாகிறது, புண் சீழ்பிடிக்கிறது, எலும்பு தேய்கிறது, விரல் குறுகிப் போகிறது. வேலூரிலும், அருகேயுள்ள கரிகிரியில் 1955-இல் எழுந்த ஆய்வு மருத்துவமனையிலும், மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தும் அறுவை முறைகள் வளர்ந்தன.

நோயாளியின் கையைக் குலைப்பது பழவினை அன்று. உணர்ச்சியிழந்த கையோடு அன்றாடம் அவன் செய்தே தீரவேண்டிய வேலை. இந்த உண்மையைத் தேயிலைத் தோட்டத்தில் வாழ்பவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வார்கள். கவ்வாத்துக் கத்தி பிடிக்கும் கை, செருப்பில்லாமல் மலையேறும் கால், லயத்து அடுப்பில் கொதிக்கும் தேநீர்ப் பானையை இறக்கும் விரல் — இவற்றிலிருந்து வலியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? வலி என்பது ஏழையின் உடம்புக்கு இயற்கை வைத்த காவல்காரன். அந்தக் காவல் போன பின்னும் அவன் பிரட்டுக்குப் போகத்தான் வேண்டும். பேர் விழாவிட்டால் சம்பளம் இல்லை. ஓய்வெடுக்க வசதியுள்ளவன் விரலைக் காப்பாற்றிக்கொள்கிறான், வசதியற்றவன் இழக்கிறான். மோகனசுந்தரம் போன்ற சீமான்களைவிட, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் முடங்கும் ஏழைகளையே இந்நோய் மிகுதியாக நாடுகிறது என்ற வர்க்க உண்மையை ‘இரத்தக் கண்ணீர்’ தலைகீழாக்கிவிட்டது.

மாற்றுப் பார்வை தமிழில் தோன்றவே இல்லையா? தோன்றியது. ஜெயகாந்தனின் ‘நான் இருக்கிறேன்’ என்ற சிறுகதையை இங்கே நினைவுகூர வேண்டும். கால் முடமான இளைஞன் ஒருவன் வாழ்வை வெறுத்து இரயில் தண்டவாளத்தை நாடி வருகிறான். அவனைத் தடுத்து, வாழ்வின் மேன்மையை எடுத்துச் சொல்லி மீட்பவன் ஒரு தொழுநோய்ப் பிச்சைக்காரன். ஊர் அருவருத்து ஒதுக்கிய வாயிலிருந்து வாழ்க்கையின் மீதான பற்று பிறக்கிறது. அவனுக்கு மனம் இருக்கிறது, பேச்சு இருக்கிறது, பிறர் துன்பம் கண்டு பதறும் நெஞ்சு இருக்கிறது. நாலடியாரில் கையாக மட்டும் இருந்தவன் இங்கே மனிதனாகிவிட்டான். தமிழ்ச் சிறுகதைக்கு இது பெரும் பாய்ச்சல்.

ஆயினும் கதையின் முடிவைக் கவனியுங்கள். முடவன் வாழப் போகிறான். நோயாளி அந்தத் தண்டவாளத்திலேயே உயிர் விடுகிறான். பிறரை வாழவைக்கும் உரிமை அவனுக்கு உண்டு. தான் வாழும் உரிமையை ஜெயகாந்தனாலும் அவனுக்கு அளிக்க முடியவில்லை. ‘இரத்தக் கண்ணீர்’ அவனைச் சிலையாக்கியது. ‘நான் இருக்கிறேன்’ அவனைத் தியாகியாக்கியது. மருந்து உண்டு, குணமடைந்து, வேலைக்குத் திரும்பி, பிள்ளைகளோடு சண்டைபோட்டு, மழைக்கு ஒழுகும் கூரையைத் திட்டிக்கொண்டு வாழும் ஒரு சாதாரணத் தொழுநோயாளியை இன்னும் நம் கதைகள் போதிய அளவு காணவில்லை. உண்மை வாழ்விலோ அத்தகையவர்களே மிகப் பலர்.

ஏனெனில் நோய்க்கு மருந்து உண்டு. 1940-களில் சல்போன் மருந்துகள் வந்தன. செங்கற்பட்டை அடுத்த திருமணியில் டாக்டர் கொக்கிரேன் முதலானோர் அவற்றைப் பயன்படுத்துவதில் முன்னோடிகளாக உழைத்தனர். கிருமி அந்த ஒற்றை மருந்தை எதிர்க்கப் பழகிக்கொண்டபோது, பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் 1981-இல் பரிந்துரைத்தது. ரிபாம்பிசின், டாப்சோன், குளோபசிமின் என்ற அந்த மருந்துகளை நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ ஓராண்டோ உட்கொண்டால் நோய் தீரும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரப்பும் ஆற்றல் பெரிதும் அடங்கிவிடும். 1995 முதல் உலகெங்கும் அது இலவசமாகக் கிடைக்கிறது. செத்த நரம்பை மட்டும் அது உயிர்ப்பிக்காது. ஆகவே காலத்தோடு வருவதே எல்லாம். இங்கேதான் இலக்கியத்தின் பொறுப்பு தொடங்குகிறது. காலத்தோடு வரவிடாமல் தடுப்பது பெரிதும் வெட்கமே. அந்த வெட்கத்தை ஊட்டி வளர்த்ததில் ஏட்டுக்கும் மேடைக்கும் திரைக்கும் பங்குண்டு.

வெட்கத்தை ஊட்டியது இலக்கியம் மட்டுமன்று, அரசும் ஊட்டியது. ஒல்லாந்தர் ஆட்சியில், 1708-இல், கொழும்புக்கு வடக்கே ஹெந்தளையில் தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது. மட்டக்களப்பு வாவியின் நடுவே மாந்தீவில் மற்றொன்று அமைந்தது. நீர்சூழ்ந்த தீவை ஏன் தேர்ந்தார்கள் என்பதற்கு விளக்கம் வேண்டுவதில்லை. 1901-இல் பிரித்தானிய அரசு தொழுநோயாளரைப் பிரித்து வைப்பதற்கென்றே இலங்கையில் ஒரு கட்டளைச் சட்டம் இயற்றியது. இந்தியாவில் 1898-இலேயே அத்தகைய சட்டம் வந்துவிட்டது. அது 2016-இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணவிலக்குக்குக் காரணமாகக் கொள்ளும் விதி அந்நாட்டுச் சட்டங்களிலிருந்து 2019-இல்தான் அகன்றது. மருந்து வந்து எழுபது ஆண்டுகள் கடந்த பின்னும் சட்டம் பழைய அச்சத்திலேயே உறங்கியது. ஹெந்தளையில் நோய் தீர்ந்த பின்னும் வீட்டுக்குத் திரும்ப வழியின்றி, அங்கேயே முதுமை எய்தியவர்கள் உண்டு. அவர்களைத் திரும்ப ஏற்காத வீடுகளில் நாலடியார் ஏடு இருந்திராது. நாலடியாரின் தீர்ப்பு இருந்தது.

இனி ஒரு சொல்லைப் பற்றி. இலக்கிய மாணவர்களாகிய நமக்குச் சொல்லை ஐயுறும் பழக்கம் உண்டு. ‘ஒழிப்பு’ என்ற சொல் அவற்றுள் ஒன்று. 1991-இல் கூடிய உலகச் சுகாதாரப் பேரவை, 2000-ஆம் ஆண்டுக்குள் தொழுநோயைப் ‘பொதுச் சுகாதாரப் பிரச்சினை’ என்ற நிலையிலிருந்து ஒழிப்பதென்று தீர்மானித்தது. பத்தாயிரம் பேருக்கு ஒருவருக்கும் குறைவானோர் சிகிச்சையில் இருந்தால் ஒழிந்ததாகப் பொருள். இலங்கை 1995-இல் அந்த அளவை எட்டியது. இந்தியா 2005-இன் இறுதியில் எட்டியது. 1985-இல் ஐம்பது இலட்சத்துக்கு மேலாக இருந்த பதிவு நோயாளர் தொகை, நூற்றாண்டின் முடிவில் எட்டு இலட்சத்துக்கும் கீழே வந்தது. இது மனித அறிவும் பொது முயற்சியும் பெற்ற மெய்யான வெற்றி. அதைச் சிறுமைப்படுத்துவது நன்றிகெட்ட செயல்.

ஆனால் ‘ஒழிந்தது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் பணமும் கவனமும் வேறிடம் பெயர்ந்தன. பத்திரிகை மறந்தது, மருத்துவக் கல்லூரியும் பாதி மறந்தது. நோய் மறக்கவில்லை. 2023-இல் உலகில் 1,82,815 புதிய நோயாளர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் 1,07,851 பேர் இந்தியர். இந்தியா, பிரேசில், இந்தோனேசியா ஆகிய மூன்று நாடுகளில் மட்டும் ஐந்தில் நான்கு பங்கினர். பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் குழந்தைகள். ஏறத்தாழ அதே தொகையினர், கண்ணுக்குத் தெரியும் ஊனம் வந்த பின்னரே மருத்துவரைக் கண்டவர்கள். இலங்கையிலும், ‘ஒழிந்த’ பின் இந்த முப்பது ஆண்டுகளாக ஒவ்வோர் ஆண்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் வந்துகொண்டே இருக்கின்றனர். அவர்களுள் பத்தில் ஒருவர் அளவில் குழந்தைகள். குழந்தைக்கு நோய் வந்திருக்கிறதென்றால், அண்மையில், அருகில், கண்டுபிடிக்கப்படாத ஒருவர் இருக்கிறார் என்று பொருள்.

செல்வ நாடுகள் இந்நோயை வென்றது எவ்வாறு என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். நார்வேயில் சிகிச்சை மருந்து எதுவும் தோன்றுவதற்கு முன்பே நோய் குறைந்துகொண்டு வந்தது. வீடு விரிந்தது, உணவு உயர்ந்தது, வாழ்வு மேம்பட்டது. பிரித்துவைத்தலும் ஓரளவு துணைசெய்தது. ஐரோப்பாவில் ஒருகாலத்தில் ஊர்தோறும் இருந்த நோய் இன்று ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் தங்கிக் கிடப்பது, இங்குள்ளவர்கள் அதிகப் பாவம் செய்ததனாலா? 1952-இல் அமேசான் ஆற்றங்கரையில் சான் பாப்லோ தொழுநோயாளர் குடியிருப்பில் சில நாட்கள் தங்கிய மருத்துவ மாணவர் ஒருவர், கையுறை அணியாமல் நோயாளரோடு கைகுலுக்கினார், பந்து விளையாடினார். பின்னாளில் சே குவேரா என்று உலகம் அறிந்த அந்த இளைஞர் அங்கே கண்டது பாவிகளை அன்று, கைவிடப்பட்ட ஏழைகளை.

எங்கள் மடுல்சீமைக்கு வருவோம். பசறையைக் கடந்து ஏறும் இந்தத் தேயிலை மலைகளில் இந்நோய் மிகுந்திருக்கிறது என்று கூறி யாரையும் அச்சுறுத்த நாம் விரும்பவில்லை. இலங்கையில் நோயாளர் மிகுதியாகக் காணப்படுவது மேல்மாகாணத்திலும் கிழக்கிலும்தான். ஆனால் எமது இளைஞர்கள் எங்கே போகிறார்கள்? பள்ளிப் படிப்பை முடித்தும் முடிக்காமலும் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் போகிறார்கள். ஓர் அறையில் பத்துப் பேர் படுக்கிறார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பி, லயத்துக் காம்பராவில் மீண்டும் அதே நெருக்கத்தில் படுக்கிறார்கள். ஆண்டுகள் கழித்துத் தோன்றும் ஒரு தேமல், அவர்களில் ஒருவருடைய முதுகில் இங்கே தோன்றலாம்.

தோன்றினால் என்ன நடக்கும்? தேமல் என்பார்கள், படை என்பார்கள், கடையில் ஒரு களிம்பு வாங்கிப் பூசுவார்கள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துத் தடவுவார்கள், மாரியம்மனுக்கு நேர்ந்துகொள்வார்கள். வலிக்காத ஒன்றுக்காக ஒருநாள் பேரை இழந்து, பஸ் ஏறிப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போவது யார்? வலிக்கவில்லை என்பதே நோயின் அடையாளம் என்பதை அவர்களுக்கு யார் சொன்னார்கள்? தோட்டத்து வைத்தியம் நீண்ட காலம் கம்பனியின் கையில் இருந்தது. தொழிலாளியின் உடம்பு வேலைக்கு உதவுகிறதா என்று பார்ப்பதே அதன் முதற் கவலை. அந்த நிலையில் வளர்ந்த மக்கள், உடம்பில் ஒரு குறை தெரிந்தால் அதைக் காட்டுவதற்கு முன் மறைக்கவே கற்றிருக்கிறார்கள். அதோடு வினைப்பயன் என்ற அச்சமும் சேர்ந்தால் வாய் முற்றாக மூடிக்கொள்ளும். குமரிப் பெண் இருக்கும் வீட்டில் கேட்கவே வேண்டாம்.

மலையக இலக்கியம் இத்தகைய மௌனங்களை உடைத்த பெருமை உடையது. சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்து வாழ்வை உலகறியச் செய்தார். ஊவா மண்ணில் பிறந்து, இப்பகுதித் தோட்டப் பாடசாலையொன்றில் ஆசிரியராயிருந்து, அந்தத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு இணைத்துக்கொண்ட தெளிவத்தை ஜோசப் (1934–2022), லயத்து ஒற்றை அறையின் நெருக்கம் ஒரு குடும்பத்தின் மானத்தையே எவ்வாறு குலைத்துவிடுகிறது என்பதை ‘மீன்கள்’ கதையில் காட்டினார். அங்கே அவர் தனிமனிதனைப் பாவி என்று தூற்றவில்லை. அந்த அறையைக் குற்றவாளியாக்கினார். நாம் வேண்டும் பார்வை அதுதான். மானத்தைக் குலைக்கும் அதே நெருக்கம் கிருமிக்கும் வழிவிடுகிறது. தொழுநோயைப் பற்றி எழுதவரும் மலையக எழுத்தாளனுக்கு வழி ஏற்கெனவே வெட்டப்பட்டிருக்கிறது. நடக்கவேண்டியது மட்டுமே மிச்சம்.

இதனால் நாம் பிரசாரக் கதைகளைக் கேட்கிறோம் என்று யாரும் எண்ணவேண்டாம். மாத்திரை அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அறிவுரை கூறும் பாத்திரங்கள் நமக்கு வேண்டாம். அவை சுகாதாரப் பகுதியின் சுவரொட்டிக்குப் போதும். நாம் கேட்பது உண்மையை. குளோபசிமின் உண்டவரின் தோல் சில மாதங்களுக்குக் கறுத்துவிடும். ‘ஏன் கறுத்துப் போனாய்?’ என்று பக்கத்துக் காம்பராக்காரி கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு ஒரு தாய் என்ன பதில் சொல்வாள்? இந்த ஒரு வினாவுக்குள் ஒரு சிறுகதை இருக்கிறது. ஒரு சமுதாயமே இருக்கிறது. அதை எழுதுபவன் நோயையும் அறிந்திருக்க வேண்டும், அந்தத் தாயையும் அறிந்திருக்க வேண்டும்.

ஆசிரியர்களாகிய நமக்கும் கடமை உண்டு. நாலடியாரைப் பாடத்திலிருந்து நீக்கவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. பழைய இலக்கியத்தை எரிப்பவன் முற்போக்காளன் அல்லன். அதைக் காலத்தில் வைத்து விளக்குபவனே முற்போக்காளன். அந்தச் செய்யுளைக் கற்பிக்கும் நாளில், கொல்லாமையின் சிறப்பைக் கூறுவோம். அதோடு நில்லாமல், புலவன் அறியாத நரம்பின் கதையையும் கூறுவோம். வலிக்காத, அரிக்காத, நிறம் மங்கிய தேமல் உடம்பில் இருந்தால் மறைக்கவேண்டாம், பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ வைத்தியசாலையிலோ காட்டுங்கள், ஓராண்டுக்குள் குணமாகும், ஒரு காசும் செலவில்லை என்று கூறுவோம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள் இருந்தால் நாற்பது காம்பராக்களுக்கு அந்தச் செய்தி போகும். எந்தத் திரைப்படமும் செய்யாத வேலையை ஒரு பாடவேளை செய்துவிடும்.

2024-இல் ஜோர்தான் நாடு தொழுநோயை முற்றாக நீக்கிய முதல் நாடாக உலகச் சுகாதார நிறுவனத்தால் ஏற்கப்பட்டது. ஆகவே நோய் அழியாதது அன்று, ஊழும் அன்று. பரவும் வழி தெரியும்; மருந்து தெரியும்; மருந்துக்கு விலையுமில்லை. எஞ்சியிருப்பவை நெருக்கமான அறையும், எட்டாத வைத்தியசாலையும், தலைகுனிய வைக்கும் ஒரு பழைய தீர்ப்பும்தான். முதலிரண்டையும் மாற்ற மக்கள் திரண்டு போராடவேண்டும். எழுத்தாளனும் ஆசிரியனும் அந்தப் போராட்டத்தில் தம் பங்கைச் செலுத்தவேண்டும். மூன்றாவது எழுத்தால் வந்தது. அதைத் திருத்தி எழுதும் பொறுப்பை வேறு எவர்மீதும் நாம் சுமத்த முடியாது.